கழற்றிய கண்ணிகளை எறிந்துவிடாதீர்கள்!

கல்முனையின் பிரதான வீதியிலே ஒரு மணிக்கூட்டுக் கடை. கடை என்று சொல்வதற்கும் அது சற்றுச் சிறியதே. இரண்டு முழ அகலமான ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் பின்னால் ஒரு முக்காலி. அந்த முக்காலியிலே, ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்திருக்கும் ஒரு முதியவர். சென்ற மாதம் ஒரு மாலை வேளையில், நமது கைக்கடிகாரத்துக்குப் பற்றரி மாற்றிக்கொள்வதற்காக நாம் அங்கே போயிருந்தோம். நமக்கு முன்னரே ஓர் இளைஞர் அங்கு நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலே, வெள்ளைத் துணியொன்றிற் சுற்றிய பழைய கைக்கடிகாரம் ஒன்று இருந்தது.

“வாப்பாட வோச் காக்கா. எனக்குக் கைக்குப் பத்துதில்ல. செயினக் கொஞ்சம் பெருப்பிச்சித் தாங்க,” என்றார் இளைஞர்.

முதியவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யப்பான் நாட்டுச் சீக்கோக் கடிகாரம் அது. அதனோடு பிறந்த உருக்குச் செயினும் மாறாமல் அப்படியே இருந்தது.

“நல்ல சாமான். கழட்டின கண்ணியெல்லாம் எங்க மகன்?” என்று கேட்டார் அவர்.

இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அது சுனாமியோட பெய்த்து காக்கா,” என்றார்.

கதை இதுதான். இளைஞரின் தந்தையார் 1980ஆம் ஆண்டையடுத்துச் சவூதி அரேபியாவிலே தொழில் செய்தவர். அங்கே வாங்கிய கடிகாரம் அது. அவர் மெலிந்த கையினர். ஆதலால் வாங்கிய அன்றே நான்கு கண்ணிகளைக் கழற்றுவித்து, அவற்றை ஒரு சிறு தகரப் பெட்டியில் இட்டு வைத்திருந்தார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை அவர்களுடைய வீட்டை வாரிக்கொண்டு போயிற்று. கையிலிருந்த கடிகாரம் தந்தையாரோடு தப்பிற்று; தகரப் பெட்டி தப்பவில்லை. இப்போது தந்தையாரும் இல்லை. மகனோ பருத்த மணிக்கட்டை உடையவர்.

நான்கு கண்ணிகள்! உள்ளங்கைக் குழியிலே அடங்கிவிடும் சிறு உருக்குத் துண்டுகள். அவை இல்லாமையால் ஒரு தந்தையின் கடிகாரம் மகனின் கையைச் சேராது நிற்பதைக் கண்டபோது, நாள்தோறும் அணிந்தும் ஒரு முறையேனும் உற்றுநோக்காத இந்தச் செயினைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்றெனத் தோன்றியது. முதியவர் வேலையைத் தொடங்கினார். நாமும் அருகிலிருந்த வாங்கிலே அமர்ந்தோம். நேயர்களே, நீங்களும் உடன் வந்து அமருங்கள்.

வளையலாகப் பிறந்த கடிகாரம்

இன்று ஆடவரும் மகளிரும் ஒருங்கே அணியும் கைக்கடிகாரம், முதலிலே பெண்களின் வளையலாகவே பிறந்தது என்றால் நம்மிற் பலர் வியப்படையக்கூடும். பாரிஸ் மாநகரிலே புகழுடன் விளங்கிய பிரெகே என்னும் கடிகார வினைஞர், நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் நாட்டின் அரசியுமான கரோலினுக்காக 1810ஆம் ஆண்டிலே ஒரு கைக்கடிகாரத்தைத் தொடங்கி, 1812ஆம் ஆண்டிலே செய்து முடித்தார். தலைமயிரையும் பொன்னிழையையும் சேர்த்து முறுக்கிய பட்டி ஒன்று அதற்கு இருந்ததாம். பின்னர் 1868ஆம் ஆண்டிலே, சுவிற்சர்லாந்தின் பற்றெக் பிலிப் நிறுவனத்தார் ஹங்கேரி நாட்டுப் பிரபுகுலப் பெண்மணி ஒருவருக்காகப் பொன் வளையலிலே பதித்த கடிகாரம் ஒன்றைச் செய்தனர்.

அக்காலத்து ஆடவரோ சட்டைப்பையிலே கடிகாரத்தை இட்டு, அதன் சங்கிலியைப் பொத்தான் துளையிலே மாட்டிக்கொண்டு திரிந்தனர். கையிலே கடிகாரம் கட்டுவது பெண்களின் அலங்காரம் என்பது அவர்களின் எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றியது 1914 முதல் 1918 வரை நடைபெற்ற முதலாம் உலகப் போர். ஒரு கையிலே துப்பாக்கியும் மறு கையிலே வரைபடமுமாகப் பதுங்குகுழியில் நின்ற வீரனுக்குச் சட்டைப்பையைத் துழாவ நேரமேது? தோல்வாரிலே கோத்த கடிகாரம் அவனுடைய மணிக்கட்டில் ஏறிற்று. போர் முடிந்த பின்பும் இறங்கவில்லை.

உலோகச் செயின் ஆடவரின் கைக்குப் பரவலாக வந்தது அதன் பிறகே. செனீவா நகரில் 1835ஆம் ஆண்டிலே தோன்றிய கே ஃபிரேர் என்னும் நிறுவனம் இத்தொழிலிலே பெயர்பெற்று, பல கடிகார நிறுவனங்களுக்குச் செயின் செய்து கொடுத்தது. ரோலெக்ஸ் நிறுவனத்தார் 1945ஆம் ஆண்டிலே, குறுக்கே ஐந்து துண்டுகள் வரிசையாக அமைந்த செயினை வெளியிட்டனர். குறுக்கே மூன்று துண்டுகள் கொண்ட அவர்களுடைய மற்றொரு செயினும் 1940களின் இறுதியிலே பரவலாயிற்று. இன்று நமது சந்தையிலே தொங்கும் மலிவான செயின்களிற் பெரும்பாலானவை இவ்விரண்டின் பேரப்பிள்ளைகளே. கே ஃபிரேர் நிறுவனத்தை 1998ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் நிறுவனமே வாங்கிக்கொண்டது.

தோல்வார் தோற்ற கதை

நமது கரையோர ஊர்களிலே தோல்வாரைப் புறந்தள்ளிச் செயின் வெற்றி பெற்றதற்குத் தக்க காரணங்கள் உண்டு. கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயல் வட்டையும். காற்றிலே உப்பு, உடலிலே வியர்வை. தோலுக்கு இவ்விரண்டும் பகை. அன்றியும், நாளொன்றுக்கு ஐவேளை வுழூச் செய்யும் மக்கள் வாழும் ஊர்கள் இவை. முழங்கை வரை நீர் சேரவேண்டும். கடிகாரத்தின் கீழுள்ள தோலும் நனைதல் வேண்டும். தோல்வாரை ஐந்து முறை அவிழ்த்துக் கட்டினால் துளை பிளந்துபோம். அவிழ்க்காமல் நனைத்தால் ஊறி நாறும். செயினாயின், பூட்டை ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். மறு தட்டிலே மூடும். சற்றுத் தளர்வாக இருப்பின் மேலேற்றிவிட்டு நீரை ஓடவிடலாம்.

பொன் நிறமன்றி வெள்ளி நிறச் செயினையே நம்மவர் பெரிதும் விரும்புவதற்கும் காரணம் வெளிப்படை. இஸ்லாமிய மரபிலே ஆடவர் பொன் அணிதல் விலக்கப்பட்டதொன்று. உருக்குக்கு அந்தத் தடையில்லை.

இவற்றோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1973ஆம் ஆண்டிலே எண்ணெயின் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து, வளைகுடா நாடுகளிலே கட்டட வேலைகள் பெருகின. 1970களின் பிற்பகுதி தொட்டு இலங்கையரும் அங்கு பெருந்தொகையாகச் செல்லலாயினர். திரும்பி வந்தோரின் பெட்டியிலே துணிமணியும் வானொலிப் பெட்டியும் இருந்தன. கையிலே யப்பானியக் கடிகாரம் இருந்தது. சீக்கோ நிறுவனம் 1963ஆம் ஆண்டிலே ‘சீக்கோ 5’ என்னும் வரிசையைத் தொடங்கிய போது, அதன் பெயரிலுள்ள ஐந்து என்னும் எண் ஐந்து சிறப்புக்களைக் குறிப்பதாக அறிவித்தது. தானே முறுக்கேறுதல், கிழமையும் திகதியும் ஒரே சாளரத்தில் தெரிதல், நீர் புகாமை, திருகு உறுத்தாதபடி உள்ளொடுங்கி அமைதல் ஆகியன நான்கு. ஐந்தாவது, உறுதி வாய்ந்த கூடும் செயினும். பார்த்தீர்களா! இயந்திரத்துக்கு ஒப்பாகச் செயினையும் ஒரு சிறப்பாக எண்ணினர் அதை ஆக்கியோர்.

செயினின் உறுப்புக்கள்

முதியவர் ஒரு பச்சைத் துணியை விரித்து அதன் மேல் கடிகாரத்தைக் கவிழ்த்தார். அவர் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட நாமும் கண்டோம்.

கடிகாரத்தின் கூட்டிலிருந்து மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கொம்புகள் நீண்டிருக்கின்றன. இவற்றைக் காது என்பர். இரு காதுகளுக்கும் இடையிலுள்ள அகலமே செயினின் அளவு. ஆடவர் கடிகாரங்களில் இது பெரும்பாலும் 18, 20 அல்லது 22 மில்லிமீற்றர். மகளிர் கடிகாரங்களில் 12, 14 என்று குறுகும். செயின் வாங்கச் செல்வோர் கடிகாரத்தின் பெயரைச் சொல்லுவதைவிட இந்த அளவைச் சொல்லுவதே முறை.

இரு காதுகளுக்கும் நடுவே குறுக்காக நிற்பது ஸ்பிரிங் பின். ஒரு மெல்லிய குழாய், அதனுள்ளே சுருள்வில், இரு முனையிலும் உள்ளே அமுங்கி வெளியே துள்ளும் நுண்ணிய முளைகள். காதுகளின் உட்புறத்துச் சிறு குழிகளிலே அம்முளைகள் அமர்ந்து கடிகாரத்தைத் தாங்குகின்றன. சாதாரண கடிகாரங்களில் இதன் தடிப்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர்தான். சுழியோடிகளுக்கென்று செய்த சீக்கோக் கடிகாரங்களிலே இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பானதை இடுவர். எத்துணை விலையுயர்ந்த கடிகாரமாயினும் கையிலே தங்குவது இந்த அற்ப விலையுள்ள ஊசியின் தயவினாலேயே.

காதுகளை ஒட்டி வளைந்து அமைந்திருப்பது முனைக் கண்ணி. இது கூட்டின் வளைவோடு பொருந்தவேண்டும். ஒரு கடிகாரத்தின் செயின் மற்றொன்றுக்கு அகலத்திற் பொருந்தியும் வளைவிற் பொருந்தாது போவது இதனாலேதான். முனைக் கண்ணியைத் தொடர்ந்து வரிசையாகக் கண்ணிகள்; ஈற்றிலே பூட்டு. பூட்டின் ஓரத்தைக் கூர்ந்து நோக்கினால் வரிசையாக மூன்று முதல் ஆறு வரை சிறு துளைகள் தெரியும். அவை அழகுக்காக இட்டவை அல்ல. உள்ளிருக்கும் ஊசியை ஒரு துளையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால், ஒரு கண்ணியையும் கழற்றாமலே செயினைச் சில மில்லிமீற்றர் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

மடித்த கண்ணியும் முழுக் கண்ணியும்

கண்ணிகள் மூன்று வகைப்படும். மெல்லிய உருக்குத் தகட்டை மடித்துச் செய்தது முதல்வகை. பக்கவாட்டிற் பார்த்தால் ஓலையை மடித்தாற்போல மடிப்புத் தெரியும், குலுக்கினாற் கலகலக்கும். பழைய கடிகாரங்களிற் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய செயினே உண்டு. இரண்டாவது, வெளித் துண்டுகள் திண்ணியனவாகவும் நடுத்துண்டு பொள்ளலாகவும் அமைந்தது. மூன்றாவது, எல்லாத் துண்டுகளும் உருக்குக் கட்டியிலே கடைந்தெடுத்தது. கனமும் விலையும் மிகுந்தது.

கனமே தரம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். முதியவர் அதை ஏற்கவில்லை. மடித்த செயின் இலேசானது. மயிரைப் பிடித்து இழுக்கும் என்பது மெய்யே. ஆயினும் பதமாகப் பேணினால் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைக்கும் என்று கூறி, இளைஞரின் கடிகாரத்தையே சான்றாகக் காட்டினார்.

கண்ணிகளைப் பிணைக்கும் ஊசிகளும் பலவகை. கம்பியை இரண்டாக மடித்தாற்போன்ற பிளவூசி ஒன்று. அதன் விரிவுத்தன்மையே அதைத் துளையிலே இறுக்கி வைக்கும். சிறு திருகாணி மற்றொன்று. யப்பானியக் கடிகாரங்கள் சிலவற்றிலே, ஊசியோடு எள்ளின் அளவான ஒரு குழாயும் நடுத்துண்டினுள்ளே இருக்கும். ஊசியைத் தட்டி எடுக்கும்போது இந்தக் குழாய் தெறித்து ஓடிவிட்டால், மீண்டும் ஊசி நிற்காது. வீட்டிலே தாமே செயின் கழற்ற முற்பட்டோர் பலர் தரையிலே தவழ்ந்து தேடியது இக்குழாயைத்தான்!

நெய்த செயினும் நீளும் செயினும்

கண்ணி கோக்காத செயின்களும் உண்டு. மெல்லிய கம்பிச் சுருள்களை ஒன்றினுள் ஒன்றாகத் திருகிச் செலுத்தி, துணிபோல் ஆக்கிய வலைச்செயினை இத்தாலி நாட்டு மிலான் நகரின் பெயரால் ‘மிலானிஸ்’ என்பர். மருதமுனைக் கைத்தறிகளிலே பாவும் ஊடும் பின்னிப் புடவையும் சாரமும் பிறப்பதைக் கண்டோர், இதுவும் அவ்வாறே நெய்தது என்று எண்ணக்கூடும். ஆனால் இங்கே பாவுமில்லை, ஊடுமில்லை. வளவுக்கு அடைக்கும் கம்பிவலை வேலியைப் போலச் சுருளோடு சுருள் கோத்துக்கொள்கிறது. கழற்றுவதற்குக் கண்ணியில்லாமையால், நகரும் பூட்டை விரும்பிய இடத்திலே அழுத்தி நிறுத்திக்கொள்ளும்படி பலவற்றைச் செய்திருக்கின்றனர்.

மற்றொன்று, இழுத்தால் நீண்டு விட்டாற் சுருங்கும் செயின். ஜேர்மனியின் போர்ஸ்ஹைம் நகரத்து நிறுவனமொன்று இதை வகுத்தது. அமெரிக்காவிலே ஸ்பைடல் நிறுவனம் 1959ஆம் ஆண்டிலே இதனை விற்பனைக்குக் கொண்டுவந்து, செயினையே முடிச்சிட்டுக் காட்டி விளம்பரம் செய்தது. நமது பாட்டன்மார் சிலரின் கையிலே இதைக் கண்டிருப்பீர்கள். மேலும் கீழுமாக இரு வரிசைச் சிறு உறைகள். ஒவ்வோர் உறையினுள்ளும் வளைந்த தகட்டுவில். உறைகளைப் பிணைக்கும் பகர வடிவான கொளுவிகள். பூட்டே வேண்டாம், விரித்துக் கையை நுழைத்தாற் போதும். ஓர் உறையை எடுக்கவோ சேர்க்கவோ வேண்டுமாயின், வில்லின் மடிப்பை நிமிர்த்திக் கொளுவிகளை உருவவேண்டும். பொறுமையிலார்க்கு ஆகாத வேலை இது.

உருக்கின் குணம்

‘துருப்பிடியா உருக்கு’ என்கிறோம். 1913ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரேயர்லி என்பவர் குரோமியம் கலந்த உருக்கை வார்த்துத் துருவை வென்றார். உருக்கின் மேற்பரப்பிலுள்ள குரோமியம் காற்றோடு கூடிக் கண்ணுக்குப் புலனாகாத ஒரு படலமாகிறது. அப்படலம் கீறுண்டாலும் காற்றுப் பட்டதும் மீண்டும் மூடிக்கொள்ளும். அதுவே அதன் கவசம்.

ஆனால், காற்றுப் புகாத இடுக்கிலே உப்பும் அழுக்கும் அடைந்து கிடந்தால் கவசம் மீள்வதில்லை. அங்கே ஊசிமுனைபோற் குழி விழும். சாதாரண வகையிலே குரோமியம் 18 வீதமும் நிக்கல் 8 வீதமும் கலந்திருக்கும். உப்பைத் தாங்குவதற்காக இரண்டு முதல் மூன்று வீதம் மொலிப்டினமும் சேர்த்த வகையை ‘316 எல்’ என்பர். கடலோரத்தார் செயின் வாங்கும்போது இவ்வகையைக் கேட்டு வாங்குதல் நன்று. தைத்தானியம் என்னும் உலோகம் உப்புக்கு அஞ்சாதது. உருக்கின் கனத்திலே பாதியைவிடச் சற்றே கூடியது. 1970ஆம் ஆண்டிலே சிட்டிசன் நிறுவனம் இவ்வுலோகத்தாற் கடிகாரம் செய்து வழிகாட்டிற்று.

மலிவான செயின்கள் பலவற்றிலே உள்ளே இருப்பது பித்தளை, மேலே பூச்சு. பூச்சின் தடிப்பை மைக்ரோன் கணக்கிற் சொல்வர். ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது மைக்ரோன் பூசினாலும் அது மயிரிழையைவிட மெல்லியதே. பூச்சுத் தேய்ந்த இடத்திலே கை கறுக்கும். சிலருக்குத் தோல் சிவந்து தடித்துச் சொறியும். இது பெரும்பாலும் நிக்கலினால் வரும் ஒவ்வாமை. ஐரோப்பிய நாடுகள் 1994ஆம் ஆண்டிலேயே, தோலிற் படும் பொருள்களிலிருந்து வெளிப்படும் நிக்கலுக்குச் சட்டத்தால் எல்லை வகுத்தன. அவ்வாறு சொறிவு காண்போர் அந்தச் செயினைக் கழற்றிவைத்துவிட்டு வைத்தியரைக் காண்பதே அறிவுடைமை.

செயின் ‘நீளுவது’ ஏன்?

“வர வர என் செயின் நீண்டுபோகிறது” என்று முறையிடுவோரை நாம் கேட்டிருக்கிறோம். உருக்கு இரப்பர் அன்று, அது நீள்வதில்லை. தேய்வது ஊசியும் ஊசி செல்லும் துளையுமே. வியர்வையும் தூசும் கடற்கரையின் நுண்மணலும் கலந்து கண்ணிகளுக்கிடையிலே குழம்பாகி, கை அசையுந்தோறும் அரம்போல் அராவுகின்றன. ஒவ்வொரு துளையிலும் மயிரிழையளவு தேய்ந்தால், இருபது கண்ணியிலும் சேர்ந்து செயின் தளர்ந்துவிடுகிறது. கடிகாரத்தைக் கிடையாகப் பிடித்தாற் செயின் முருங்கைக்காய்போல் நிற்கவேண்டும். பயற்றங்காய்போல் தொங்கினால் தேய்ந்தது என்று அறிக.

பரிகாரம் எளிது. வாரமொரு முறை இளஞ்சூட்டு நீரிலே சிறிது சவர்க்காரம் கரைத்து, மென்மையான பழைய பற்றூரிகையால் கண்ணி இடுக்குகளைத் தேய்த்து, நல்ல நீரில் அலசித் துடைத்து உலர்த்துக. நீர் புகாக் கடிகாரமென்று உறுதியில்லையாயின், செயினை வேறாகக் கழற்றியே கழுவுக. கடலிலே குளித்து வந்தால் அன்றே நன்னீரில் அலசுக.

குறைப்பது எப்படி?

இளைஞரின் வேலைக்கிடையே வேறொருவர் புதுக் கடிகாரத்தோடு வந்து இரண்டு கண்ணி குறைக்கச் சொன்னார். குறைக்கும் முறையையும் கண்டுகொண்டோம். கண்ணியின் உட்புறத்திலே சிறிய அம்புக்குறி பொறித்திருக்கும். அம்பு காட்டும் திசையிலே ஊசியைத் தட்டி வெளியேற்றவேண்டும். திரும்பச் செருகும்போது எதிர்த்திசையாற் செருகவேண்டும். இதை அறியாது மறுபுறம் தட்டுவோர் ஊசியை வளைப்பர், கண்ணியையும் வடுப்படுத்துவர்.

எடுக்கும் கண்ணிகளைப் பூட்டின் இரு பக்கத்திலும் ஒத்த தொகையாக எடுத்தல் வேண்டும். ஒரு பக்கமே எடுத்தாற் பூட்டு மணிக்கட்டின் அடிநடுவிலே நில்லாது பக்கம் சாயும். அளவு பார்ப்பது காலைக் குளிரில் அன்று, நடுப்பகல் வெப்பத்திலே. வெப்பத்திலே கை சற்று வீங்கும் என்பதால், காலையில் இறுக்கமாகச் செய்தது பகலிலே கையை நெரிக்கும். பூட்டிய பின், செயினுக்கும் கைக்கும் இடையே சிறுவிரல் தடையின்றி நுழைந்தால் அதுவே தக்க அளவு.

இவ்விடத்திலே நமது பேதைமை ஒன்றையும் சொல்லிவிடுதல் நேர்மை. சில ஆண்டுகளின் முன், பேனாக்கத்தி ஒன்றின் துணையோடு நாமே நமது கடிகாரத்துக்குச் செயின் மாட்டினோம். ஸ்பிரிங் பின்னின் ஒரு முளை குழியிலே விழுந்தது. மற்றது விழுந்ததாக நாம் நினைத்தோம். அந்த மாரியிலே கிட்டங்கிப் பாலத்தருகே நின்று, வெள்ளம் பெருகி ஓடும் அழகை நண்பரொருவருக்குக் கைநீட்டிக் காட்டினோம். கை மட்டுமே திரும்பி வந்தது! முளை விழும்போது ‘டிக்’ என்றொரு மெல்லொலி கேட்கும். பின்பு செயினை நாற்புறமும் அசைத்து இழுத்துப் பார்க்கவேண்டும். இவ்விரண்டையும் செய்யாததற்கு வாவி நம்மிடம் வாங்கிய கட்டணம் அது.

கடைசிக் கண்ணி

இனி இளைஞரிடம் வருவோம். முதியவர் முதலிலே பூட்டின் ஊசியைக் கடைசித் துளைக்கு மாற்றிப் பார்த்தார். சில மில்லிமீற்றர் கிடைத்தது, போதவில்லை. பின்பு மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அறுந்த செயின்கள், ஒற்றைக் கண்ணிகள், பூட்டுக்கள், ஊசிகள் குவியலாகக் கிடந்தன. இந்தக் குவியல்தான் அவருடைய முதல்.

அன்னியக் கண்ணியொன்று ஒரு செயினிலே சேர்வதற்கு அகலம் ஒத்தாற் போதாது. தடிப்பும், ஊசித் துளையின் அளவும், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்குமுள்ள தூரமும் ஒத்தல் வேண்டும். போதாக்குறைக்குச் செயின் காதருகே அகன்று பூட்டருகே ஒடுங்குவது; ஒவ்வோரிடத்துக் கண்ணிக்கும் ஒவ்வோர் அளவு. அரை மணி நேரம் தேடி, அதே நிறுவனத்தின் வேறொரு கடிகாரத்துச் செயினிலிருந்து மூன்று கண்ணிகளைக் கண்டெடுத்தார். இரண்டு போதுமாயிருந்தது. ஆனால் இவை பளபளத்தன; தந்தையாரின் செயினோ மங்கிய வரியோட்டம் உடையது. முதியவர் மெல்லிய அரத்தாளை ஒரே திசையில் இழுத்து இழுத்துப் பளபளப்பை அடக்கினார். பழைய கண்ணிகளையும் மினுக்கித் தருமாறு இளைஞர் கேட்டபோது மறுத்துவிட்டார். மினுக்குதல் என்பது உலோகத்தைத் தேய்த்து நீக்குதலே; விளிம்புகளின் கூர்மை ஒருமுறை போனால் மீளாது என்பது அவர் கூறிய காரணம். வாப்பாவின் கை பட்டு வந்த தேய்வு அது, அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

புதிய இரு கண்ணிகளையும் பூட்டின் இரு புறமும் ஒவ்வொன்றாகக் கோத்தார். கையைக் கவிழ்த்து வைத்தால் அவை தெரியா. இளைஞர் கடிகாரத்தை அணிந்தார், பூட்டு ஒலித்தது, சிறுவிரல் நுழைந்தது. அவர் நெடுநேரம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கூலியாக முதியவர் கேட்ட தொகை, அந்தி நேரத்துச் சிற்றுண்டிக்கும் தேநீருக்குமே சரியாகும்.

எஞ்சிய ஒரு கண்ணியையும் அதன் ஊசியையும் சிறு உறையொன்றில் இட்டு முதியவர் நீட்டினார்.

“இதக் கவனமா வைங்க மகன். ஒங்கட மகன்ட கை எப்படியிருக்குமோ, ஆருக்குத் தெரியும்?”

அன்றிரவு வீடு திரும்பியதும் நாம் செய்த முதல் வேலை, மேசை அறையைக் கிளறி, நமது கடிகாரம் வாங்கிய நாளிலே கழற்றிய கண்ணிகளைத் தேடியதுதான். பழைய பற்றுச்சீட்டுக்களுக்கிடையே இரண்டு கிடைத்தன. அவற்றை ஒரு தாளிலே பொதிந்து, எந்தக் கடிகாரத்துக்கு உரியவை என்று மேலே எழுதி, வீட்டின் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் உள்ள பெட்டியிலே வைத்தோம். நேயர்களும் இன்றே தேடிப்பாருங்கள். மனிதனின் கை இளமையிலே பருக்கும், முதுமையிலே மெலியும், பின்பு வேறொரு கைக்கு இடம் விடும். அதை எதிர்நோக்கியே செயினைச் செய்தோர் அதைக் கண்ணி கண்ணியாகச் செய்தனர்.